ஆற்றைக் காப்பதன் பெயரால் யாரை அகற்றுகிறோம்?

ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணை திறக்கப்பட்டால் ஆரணி ஆற்றின் வெள்ளம் ஊத்துக்கோட்டை, பொன்னேரி வட்டங்களைக் கடந்து பழவேற்காடு ஏரியைச் சேர்கிறது. முகத்துவாரத்தை மணல்திட்டு அடைத்திருந்தால் அந்நீர் கடலுக்குச் செல்ல வழியின்றி ஏரியிலேயே தேங்குகிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்தின் சுண்ணாம்புக்குளம் உள்ளிட்ட ஏரிக்கரை ஊர்களின் மழைக்கால வாழ்வு இந்த நீரோட்டத்தைப் பொறுத்தது.

ஓடைகளைத் தூர்வாருதல், கரைகளில் நாணலும் பனையும் வளர்த்தல், கழிமுகத்தில் அலையாத்தியைப் பெருக்குதல், தாழ்நிலங்களை நீர் தங்கும் வெளிகளாக விட்டுவைத்தல் ஆகியவை வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கும். இதில் ஐயமில்லை. ஆனால் இதே நோக்கம் சென்னையில் எவ்வாறு செயல்வடிவம் பெற்றது என்பதை ஏரிக்கரை மக்கள் அறிந்திருக்க வேண்டும்.

அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கரில் அமைந்த தொல்காப்பியப் பூங்கா, சீரழிந்த நீர்நிலையை மீட்க முடியும் என்பதைக் காட்டியது. ஆனால் 2015 வெள்ளத்திற்குப் பின் அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ‘ஆக்கிரமிப்பாளர்’ எனப் பெயரிடப்பட்டு அகற்றப்பட்டன. அவர்களுள் பெரும்பான்மையோர் தலித்துகள். அவர்கள் குடியமர்த்தப்பட்ட பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்பகுதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. ஆற்றங்கரையில் இருந்த ஆபத்து நீங்கவில்லை. தொழிலும் பள்ளியும் மட்டும் தொலைவாயின.

தலித் குடியிருப்புகள் புறம்போக்கிலும் பள்ளத்திலும் அமைந்தது தற்செயலன்று. மேட்டுநிலமும் பட்டாவும் தலைமுறைகளாக மறுக்கப்பட்டதன் விளைவு அது. பழவேற்காட்டில் இம்மறுப்பு நீரிலும் தொடர்கிறது. மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் மரபான ‘பாடு’ முறை பட்டினவர் ஊர்களின் உரிமையாக இருந்துவந்துள்ளது. தலித்துகளும் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும் அதன் விளிம்பிலேயே நிறுத்தப்பட்டுள்ளனர். நிலமும் நீரும் உரிமையாக இல்லாதவரை அகற்றுவது நிர்வாகத்திற்கு எளிது.

ஆகவே, ஓடை மீட்புத் திட்டம் எதுவாயினும் முதலில் கரையோரக் குடும்பங்களுக்குப் பட்டா வழங்கப்பட வேண்டும். இடமாற்றம் தவிர்க்க இயலாததெனில், அதே ஊரின் மேட்டுநிலத்தில், ஏரிக்கு நடந்து செல்லும் தொலைவில் வீடு தரப்பட வேண்டும். தூர்வாரல், அலையாத்தி நடவு, பராமரிப்பு ஆகிய பணிகளின் கூலி அம்மக்களுக்கே சேர வேண்டும். கிராமசபையில் தலித், இருளர் குடியிருப்புகளின் ஒப்புதல் தனியே பதிவாக வேண்டும். இவையின்றி வரும் பசுமைத் திட்டம், வெள்ளத்திற்கு முன் மக்களை வெளியேற்றும் திட்டமாகவே முடியும்.