இன்பாக்ஸ் உறைஞ்சு போச்சா? ஃபார்மேட் பண்ணிடாதீங்க!

புது வீட்டில் பால் காய்ச்சின மறுநாளே பழைய கிரைண்டர் மக்கர் பண்ணுமே, அந்தக் கதைதான் இது. விண்டோஸ் 10-ல் இருந்து 11-க்கு மாறியாச்சு. ஸ்டார்ட் பட்டன் நடுவுக்கு வந்து உட்கார்ந்திருக்கு, டெஸ்க்டாப் பளபளக்குது, எல்லாம் ஜோர்! சரி, மெயில் பார்க்கலாம்னு தண்டர்பேர்டைத் திறந்தால்... ஜன்னல் அப்படியே வெளிறிப் போகுது. மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்'. மௌஸ் பக்கத்தில் வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. அதனால் அண்ணன் லேப்டாப், அக்கா லேப்டாப் என்று கைமாறி வந்த மெஷின்களில் எவையெல்லாம் 11-ஐத் தாங்குமோ, அவையெல்லாம் மாறிக்கொண்டு இருக்கின்றன. கூடவே இந்த உறைநிலை வியாதியும் கேம்பஸுக்குள் வந்துவிட்டது.

இதில் ரிஸ்க் என்ன தெரியுமா? மெயில் புரோகிராம் உறைவது இல்லை. உறைந்ததும் பதறிப்போய் நாம செய்யுற வேலைதான். "எதுக்குடா வம்பு, சுத்தமா ஃபார்மேட் பண்ணிடு மச்சி"ன்னு ஹாஸ்டலில் ஒரு குரல் வரும் பாருங்க... அந்தக் குரலை மட்டும் நம்பாதீங்க. மூணு வருஷ மெயில், புராஜெக்ட் டிராஃப்ட், கம்பெனியில் இருந்து வந்த ஆஃபர் லெட்டர் எல்லாம் அந்த ஒரு என்டர் கீயில் காலி ஆகலாம்.

முதல்ல அவசரத்தைக் கவனிங்க

இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்குள் ஒரு இன்டர்வியூவுக்கு பதில் போடணுமா? அப்போ ரிப்பேர் வேலையை அப்படியே ஓரம் கட்டுங்க. பிரவுசரிலோ செல்போனிலோ அதே மெயில் ஐடியில் நுழைந்து பதிலை அனுப்பிடுங்க. புதுசா வர்ற மெயில் முதலில் சர்வருக்குத்தான் வரும். உங்க லேப்டாப்பில் புரோகிராம் படுத்துக்கிடந்தால் அதற்குத் தெரியாது.

பிரவுசரில் நுழைந்த கையோடு இன்னொரு விஷயமும் பாருங்க. உங்க பழைய மெயிலெல்லாம் அங்கே இருக்கா? இருந்தால் நீங்க பெரும்பாலும் 'ஐமேப்' முறையில் இருப்பீங்க. ஒரிஜினல் சர்வரில், லேப்டாப்பில் இருப்பது ஜெராக்ஸ் காப்பி மாதிரி. நிம்மதியா மூச்சு விடலாம். பழைய மெயில் எதையும் காணோமா? அப்போ 'பாப்' முறையாக இருக்கலாம். மெயிலை லேப்டாப்புக்கு இறக்கிவிட்டு சர்வரில் துடைத்துவிடுகிற வகை. அதாவது, ஒரிஜினலே உங்க லேப்டாப்பில்தான்!

"நம்ம யாரு பாஸ் பாப் யூஸ் பண்றோம்?"னு கேட்காதீங்க. கல்லூரிகளுக்கு கூகுள் கொடுத்து வந்த அளவில்லாத இடம் போய், மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்து அடிப்படையாக 100 டெராபைட் என்று 2021-ல் அறிவிப்பு வந்தது. இடத்துக்குக் கட்டுப்பாடு வந்தால், "பழைய மெயிலைக் காலி பண்ணு"ன்னு சொல்வாங்க. படிப்பு முடிந்தால் காலேஜ் ஐடியே மூடப்படலாம். அதுக்குப் பயந்து மெயிலையெல்லாம் தண்டர்பேர்டின் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகர்த்தி வெச்சிருந்தால், நீங்க ஐமேப் ஆசாமியாகவே இருந்தாலும் அந்த மெயிலுக்கு ஒரே வீடு உங்க ஹார்ட் டிஸ்க்தான்.

செத்துடுச்சா, தூங்குதா?

'நாட் ரெஸ்பாண்டிங்'ன்னா புரோகிராம் செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்லை. விண்டோஸ் கூப்பிட்டு ஒரு புரோகிராம் 5 விநாடி வரைக்கும் ஏன்னு கேட்கலைன்னா, அந்த போர்டை மாட்டிடும். அவ்வளவுதான். உள்ளே மாங்கு மாங்குன்னு வேலை நடந்துக்கிட்டு இருக்கலாம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். தண்டர்பேர்டுக்கு நேரா இருக்கிற சிபியு, டிஸ்க் எண்களைப் பாருங்க. எண் ஏறி இறங்கிக்கிட்டு இருந்தால் ஆள் வேலை செய்கிறார். டீ குடிச்சிட்டு வாங்க. அப்கிரேடு ஆன முதல் நாள், விண்டோஸும் தன் பங்குக்கு ஃபைல்களையெல்லாம் புதுசா அட்டவணை போட்டுக்கிட்டு இருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்குன்னா எல்லாமே ஆமை வேகம்தான். அரை மணி நேரம் ஆகியும் எண் பூஜ்யத்திலேயே நிக்குதா? அப்போதான் நிஜமான முடக்கம். 'எண்ட் டாஸ்க்' கொடுத்து மூடுங்க.

கை வைக்கும் முன்னே காப்பி

அடுத்தது சின்ன வேலை, ஆனா உயிரைக் காப்பாத்துற வேலை. விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் ஆப்டேட்டா என்று இடைவெளி இல்லாமல் டைப் செய்து, முன்னாலும் பின்னாலும் ஒரு சதவீதக் குறி போட்டு என்டர் தட்டுங்க. திறக்கிற இடத்தில் 'தண்டர்பேர்ட்' என்றொரு ஃபோல்டர் இருக்கும். உங்க மெயில், அட்ரஸ் புக், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் எல்லாம் வழக்கமா அதுக்குள்ளேதான் குடியிருக்கு. தண்டர்பேர்ட் மூடியிருக்கும்போது அந்த ஃபோல்டரை முழுசா ஒரு பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலோ காப்பி எடுத்துடுங்க. இன்பாக்ஸ் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டியிருந்தால், 'ஃபேட் 32' முறையில் ஃபார்மேட் ஆன பென் டிரைவ் அதை ஏத்துக்காது. அப்போ வேற டிரைவ் தேடுங்க.

இந்தக் காப்பி கையில் இருந்தால் நீங்க ராஜா. இனி என்ன சொதப்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பிடலாம்.

"அன்-இன்ஸ்டால் பண்ணிட்டு திரும்பப் போட்டா சரியாகிடாதா?" ஆகாது! தண்டர்பேர்டை நீக்கினாலும் இந்த ஃபோல்டர் பொதுவா அப்படியே இருக்கும். திரும்பப் போட்டதும் அதே ஃபோல்டரைத் தேடிப் பிடித்து, அதே இடத்தில் அதே மாதிரி உறையும்.

ஒரு நேரத்தில் ஒரு ஆளைத்தான் சந்தேகப்படணும்

இப்போ விசாரணை. ஒரே நேரத்தில் நாலு செட்டிங்கை மாத்தாதீங்க. சரியானாலும் எதனால் சரியாச்சுன்னு தெரியாது. கெட்டுப்போனாலும் எதனால் கெட்டுச்சுன்னு தெரியாது. ஒண்ணை மாத்துங்க, திறந்து பாருங்க, நோட்டில் குறிச்சுக்கோங்க. லேபில் ரீடிங் எடுக்கிற மாதிரிதான்.

சந்தேகம் 1: ஆட்-ஆன், கிராஃபிக்ஸ். ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டே தண்டர்பேர்டைத் திறங்க. 'ட்ரபிள்ஷூட் மோட்' கேட்கும். எந்தக் கட்டத்தையும் டிக் செய்யாமல் தொடருங்க. அந்த மோடில் ஆட்-ஆன்களும் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனும் லீவில் போயிடும். இப்போ சமர்த்தா ஓடுதா? அப்போ குற்றவாளி இந்த ரெண்டு பேரில் ஒருத்தர்தான். வழக்கம்போல திறந்து ஆட்-ஆன்களை ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க. அவங்க நிரபராதின்னு தெரிஞ்சா, செட்டிங்ஸில் 'ஜெனரல்' பக்கத்தின் அடியில் இருக்கிற ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் டிக்கை எடுங்க. அப்கிரேடு சமயத்தில் டிஸ்ப்ளே டிரைவர் மாறியிருக்கலாம். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் இருந்து 11-க்கான டிரைவரை இறக்கிப் போட்டுட்டு, அப்புறம் அந்த டிக்கைத் திரும்ப வெச்சுக்கலாம்.

சந்தேகம் 2: ஆன்டிவைரஸ். தண்டர்பேர்ட் வழக்கமா ஒரு ஃபோல்டரின் மெயில் மொத்தத்தையும் ஒரே ஃபைலில் எழுதி வைக்கும். பத்தாயிரம் மெயில் இருந்தாலும் 'இன்பாக்ஸ்' ஒரே ஃபைல்தான். ஒரு புது மெயில் வந்தாலும் ஆன்டிவைரஸ் அந்த முழு ஃபைலையும் பிடித்து வைத்துக்கொண்டு சோதிக்கப் பார்க்கும். அதுவரை தண்டர்பேர்ட் வாசலில் நிற்க வேண்டியதுதான். இதில் ஒரே ஒரு வைரஸ் மெயில் சிக்கி, ஆன்டிவைரஸ் இன்பாக்ஸ் ஃபைலையே தூக்கி உள்ளே போட்டால் கதை கந்தல்! 10-க்காக எப்பவோ போட்ட பழைய ஆன்டிவைரஸாக இருந்தால், அதை முறையா நீக்கிட்டு 11-க்கு ஒத்துவரும் பதிப்பைப் போடுங்க. வேற எதுவும் இல்லேன்னா விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் தானே காவலுக்கு வந்துடும். தண்டர்பேர்டின் ப்ரொஃபைல் ஃபோல்டரை மட்டும் ஸ்கேனில் இருந்து விலக்கி வைக்கவும் ஆன்டிவைரஸ் செட்டிங்ஸில் வழி உண்டு. அட்டாச்மென்டை வெளியே சேவ் செய்யும்போது அது எப்படியும் சோதனைக்கு உள்ளாகும்.

சந்தேகம் 3: கெட்டுப்போன அட்டவணை. புத்தகத்துக்குப் பொருளடக்கம் மாதிரி, ஒவ்வொரு மெயில் ஃபோல்டருக்கும் தண்டர்பேர்ட் ஒரு அட்டவணை ஃபைல் வைத்திருக்கும். அதன் பெயர் எம்எஸ்எஃப் என்ற வாலோடு முடியும். ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரைத் தொட்டால் மட்டும் உறையுதுன்னா, இந்த அட்டவணை கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ரிப்பேர் ஃபோல்டர்'. வேலை முடிஞ்சது. தொடவே விடலைன்னா, புரோகிராமை மூடிட்டு அந்த வால் உள்ள ஃபைலை மட்டும் வேற இடத்துக்கு நகர்த்துங்க. அடுத்த தடவை திறக்கும்போது புது அட்டவணையைத் தானே எழுதிக்கும்.

இங்கேதான் உஷார்! வால் உள்ளது அட்டவணை. வால் இல்லாமல் வெறும் 'இன்பாக்ஸ்' என்று இருக்கே, அதுதான் மெயில். பொருளடக்கத்தைக் கிழிக்கப் போய் புத்தகத்தையே கிழித்துவிடக் கூடாது. அதனால்தான் டெலிட் செய்யச் சொல்லாமல் நகர்த்தச் சொல்றேன்.

எந்த ஃபோல்டர்னு இல்லாமல் பொதுவா, அதுவும் மெயிலைத் தேடும்போது உறையுதா? ப்ரொஃபைலுக்குள் 'குளோபல் மெசேஜஸ் டிபி' என்ற பெயரில் தேடலுக்கான பெரிய அட்டவணை ஒண்ணு இருக்கும். அதையும் இதே மாதிரி நகர்த்திட்டுத் திறங்க. திரும்ப எழுதி முடிக்கிற வரைக்கும் கொஞ்ச நேரம் திணறும், அப்புறம் சரியாகும்.

சந்தேகம் 4: குப்பை. நீங்க டெலிட் செய்த மெயில் உடனே ஃபைலை விட்டுப் போறதில்லை. நோட்டில் அடிச்ச வரி மாதிரி அங்கேயேதான் கிடக்கும். 'காம்பேக்ட்' கொடுத்தால்தான் நோட்டு மெலியும். ஆனால் அதற்கு டிஸ்க்கில் காலி இடம் வேணும், கையில் காப்பியும் வேணும். பாதியில் நிறுத்தக் கூடாது.

அவுட்லுக் ஆளா நீங்க?

பழைய 'கிளாசிக்' அவுட்லுக்கிலும் இதே விசாரணைதான். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கிட்டே திறந்தால் சேஃப் மோட் கேட்கும். அதில் ஒழுங்கா ஓடினால் 'ஆட்-இன்'களைச் சந்தேகப்படுங்க. மெயில் இருக்கும் பிஎஸ்டி ஃபைலுக்கு அவுட்லுக் 2010 முதல் வழக்கமான உச்ச அளவு 50 ஜிபி. அந்த எல்லையை நெருங்கினால் திணறும். ஃபைல் கெட்டிருந்தால் சரி செய்ய, ஆபீஸோடு சேர்ந்தே வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' இருக்கு. காப்பி எடுத்துட்டு ஓட்டுங்க.

முக்கியமா ஒண்ணு. விண்டோஸை மாத்தும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்'னு தட்டிக்கிட்டே வந்ததில், டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ஒன்டிரைவில் ஏத்த சம்மதம் கொடுத்திருக்கலாம். பிஎஸ்டி அந்த டாக்குமென்ட்ஸுக்குள் இருந்தால், அவுட்லுக் ஒரு பக்கம் இழுக்க, ஒன்டிரைவ் இன்னொரு பக்கம் இழுக்க, நடுவில் உங்க மெயில் விழி பிதுங்கும். அவுட்லுக்கை மூடிட்டு, பிஎஸ்டியை ஒன்டிரைவுக்கு வெளியே ஒரு ஃபோல்டருக்கு மாத்துங்க. அப்புறம் புது இடத்தை அவுட்லுக்குக்குக் காட்டிக் கொடுங்க.

எதுவுமே வேலைக்கு ஆகலையா? அப்கிரேடு செய்து 10 நாள் வரைக்கும் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போனால் 'கோ பேக்' இருக்கும். பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். ஆனா சப்போர்ட் முடிஞ்ச வீட்டில் எத்தனை நாள் குடியிருப்பீங்க? மெயிலைக் காப்பாத்திக்கிட்டு வெளியே வர்றதுக்கான தற்காலிகக் கதவு, அவ்வளவுதான்.

இன்னும் அப்கிரேடு செய்யாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி அந்தத் தண்டர்பேர்ட் ஃபோல்டரை இன்னிக்கு ராத்திரியே காப்பி எடுத்துடுங்க. மெஸ்ஸில் சாப்பிட்டுட்டு ரூமுக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். புரோகிராமை எத்தனை தடவை வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம். அப்பாவுக்கு ஃபார்வர்டு பண்ணலாம்னு வெச்சிருந்த அந்த ஆஃபர் லெட்டரை எங்கே போய் இறக்குவீங்க?