டீன்ஸ் வீதிக் கையெழுத்து

கொழும்பு மருதானை டீன்ஸ் வீதியில் சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவு இருக்கிறது. அரச ஆஸ்பத்திரிகளுக்கு எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு அங்கேதான். தரமற்ற இமியூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு விவகாரத்தில் 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல கைதானார்; அவருக்கு முன்பே அந்தப் பிரிவின் அதிகாரிகள் சிலரும். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். என் கவலை வேறு. 'அவசரக் கொள்வனவு' என்று மேலிருந்து கோப்பு வந்தால், 'ஆவணம் போதாது, கையெழுத்து வைக்கமாட்டேன்' என்று சொல்லும் மேற்பார்வை அதிகாரிக்கு யார் துணை? அரச கொள்வனவுகளைக் கவனிக்க 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் தந்த தேசிய பெறுகை ஆணைக்குழுவை 2020இல் 20ஆவது திருத்தம் இல்லாமலாக்கியது. 2022இல்தான் மீண்டும் சட்டத்தில் ஏறியது, அதுவும் நாடே மருந்துக்குத் தவித்த வருடத்தில். மறுப்பைக் கோப்பில் எழுதியவரை அந்த ஆணைக்குழுவைக் கேட்காமல் இடமாற்றக்கூடாது என்று ஒரு விதியாவது வேண்டும்.