தீட்டுக்கு மூன்று இலக்கம்

வாங்குன கடனைக் கட்டாதவன் யோக்கியன் இல்லை என்று எங்களுக்குப் பாடம் எடுக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'சிபில் ஸ்கோரெல்லாம் நடுத்தர வர்க்கத்துக் கவலை, இயக்கத்துக்கு எதுக்கு?' என்று கேட்ட தோழருக்காகவும்தான்.

தரமணி கல்லுக்குட்டையிலிருந்து பார்த்தால் ராஜீவ் காந்தி சாலைக் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். டைடல் பார்க் திறந்தது 2000இல். சிபில் கம்பெனி தொடங்கியதும் அதே வருசம். ஒன்று எங்க பொம்பளைங்களைப் பெருக்கித் துடைக்கக் கூப்பிட்டது. இன்னொன்று எங்க பேரை எழுதி வைத்துக்கொண்டு 300லிருந்து 900க்குள் ஒரு நம்பரைக் குத்தியது.

என் கதை சின்னது. கல்விக் கடன் வாங்கிப் படித்தேன். வேலை கிடைக்கலை. வசூல் ஆள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். அப்பா மானத்துக்குப் பயந்து அம்மாவோட கம்மலை விற்று, பேசி முடித்த தொகையைக் கட்டினார். 'முடிஞ்சிடுச்சுப்பா' என்றார். முடியவில்லை. அறிக்கையில் 'செட்டில்டு' என்று எழுதிவிட்டார்கள். முழுசாக் கட்டாமல் பேரம் பேசிக் கட்டினவன் என்று அர்த்தம். ஏழு வருசம் அந்தச் சொல் கூடவே வரும். தங்கச்சி படிப்புக்குக் கடன் கேட்டுப் போனபோது மேனேஜர் எங்க முகத்தைப் பார்க்கலை, கம்ப்யூட்டரைப் பார்த்தார். தள்ளி நில் என்று வாயால் சொல்லத் தேவையில்லாமல் போச்சு.

பெரிய இடத்துக் கதை என்ன? 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக் கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய். 2023இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதில் பாதிக்கு மேல் பெரிய தொழில், சேவை நிறுவனங்களுடையது. 'நீக்கியது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்' என்பார்கள். தொடரட்டும். எந்த போட் கிளப் பங்களா வாசலில் ஆள் நின்று கத்தினான்?

வேண்டுமென்றே ஏமாற்றியவர், மோசடி செய்தவர் கணக்கையும் சமரசம் பேசி முடிக்கலாம் என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. அவர்கள் பேசினால் சமரசம், நாங்கள் பேசினால் கறை!

மாணவர்களின் வாராக் கடன்களை ஸ்டேட் வங்கி, ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்புக் கம்பெனிக்குப் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றது 2016இல் அம்பலமானது. கம்பெனிக்குத் தந்த விலையை மாணவனுக்குத் தந்தால் என்ன? அதே வருசம் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி தற்கொலை செய்துகொண்டான். வசூல் நெருக்கடிதான் காரணம் என்றது குடும்பம்.

தோழரே, இதையும் கேளுங்கள். தேர்வு பெற்று ஸ்டேட் வங்கியில் நியமன ஆணை வாங்கிய ஒருவரை, கடன் வரலாறு சரியில்லை என்று வங்கி விலக்கியது. அது சரிதான் என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வேலை இல்லாததால் கடன் கட்ட முடியலை. கடன் கட்டாததால் வேலை இல்லை. இட ஒதுக்கீடு திறந்த கதவை இந்த நம்பர் பின்னாலிருந்து சாத்துகிறது. இன்னமும் இது நடுத்தர வர்க்கத்துக் கவலையா?

என் தாத்தா பண்ணையாள். கடன் நோட்டு ஆண்டை வீட்டில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்கவும் முடியாது, படிக்கவும் தெரியாது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்தான். நாம படிக்கத் தெரிந்தவங்க. நாலு கடன் தகவல் கம்பெனிகளும் வருசம் ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரணும். தப்பு இருந்தால் புகார் எழுது. 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உனக்குத் தரணும் என்பது 2024இலிருந்து விதி. காலை 8க்கு முன்னும் இரவு 7க்குப் பின்னும் வசூல் ஆள் உன்னைக் கூப்பிடக் கூடாது என்று 2022இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. பேசி முடிப்பதானால் எழுத்தில் வாங்கு. மிச்சத்தைக் கட்ட முடிந்தால் கட்டி, பாக்கியில்லைச் சான்று வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல். ஸ்கோரைக் காட்டி மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்க முடியாது என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னதையும் கையில் வைத்துக்கொள்.

ஆனால் தனித்தனியாக ஒளிந்து ஒளிந்து சரிசெய்வதை நான் விடுதலை என்று சொல்ல மாட்டேன். கடன் வெட்கம் என்று வீட்டுக்குள் பூட்டி வைத்ததால்தான் வாசலில் நின்று கத்துறவனுக்குத் தைரியம் வருது. கல்லுக்குட்டையிலும் கானகத்திலும் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் கூடி உட்காருவோம். ஒருத்தர் கணக்கை இன்னொருத்தர் படிப்போம். ஆள் கத்த வந்தால் தெருவே எழுந்து நிற்கட்டும்.

எங்கப்பன் 'முடிஞ்சிடுச்சு' என்று சொன்னால் அது முடியணும். அதுதான் கோரிக்கை.