இடைவேளையில் நம்ம பொரி எங்கே?

போன மாசம் பேரனைக் கூட்டிக்கொண்டு திருவண்ணாமலைக்குப் படம் பார்க்கப் போனேன். எந்தத் தியேட்டர் என்று சொல்லப் போவதில்லை. எந்த ஊர் தியேட்டருக்குப் போனாலும் இதே கதைதான். இடைவேளை விட்டதும் பையன் கையைப் பிடித்து இழுத்தான்.

"தாத்தா, பாப்கார்ன்!"

சின்ன டப்பா 120 ரூபாய். கேட்டதும் திக்கென்றது. பேரன் முகத்தைப் பார்த்தேன், வாங்கிக் கொடுத்துவிட்டேன். நானும் ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். உப்பு தூக்கலாக இருந்தது. வெண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது, வெண்ணெய் மட்டும் இல்லை. பொரி நமுத்துப் போயிருந்தது. டப்பாவின் அடியில் பொரியாத மணிகள் ஒரு பிடி கிடந்தன.

விற்ற தம்பியிடம் கேட்டேன். "இன்னா எண்ணெய்ப்பா இது?"

"பாமாயில்தான் அய்யா. மஞ்சள் பொடியும் அவங்களே பாக்கெட்ல அனுப்பிடுறாங்க."

"மக்காச்சோளம் எந்த ஊர்ல விளைஞ்சதுப்பா?"

"மூட்டையில வருதுங்க அய்யா. ஊரெல்லாம் தெரியாது."

அந்தத் தம்பியைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது? அவருக்குக் கொடுத்ததை அவர் விற்கிறார். எனக்கு உறுத்தியது வேறு. நம்ம மாவட்டம் மல்லாட்டைக்குப் பேர் போனது. ஆனால் நம்ம ஊர் தியேட்டரில் பொரிக்கிற எண்ணெயோ இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து பெருமளவு கப்பலில் இறங்குகிற பாமாயில். கார்த்திகை தீபத்துக்கு வீட்டுக்கு வீடு வெல்லப்பாகு காய்ச்சிப் பொரி உருண்டை பிடிக்கிற ஊர் இது. இந்த ஊரில் நல்ல பொரி தேட வேண்டியிருக்கிறதே!

காலி டப்பாவைத் தூக்கிப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்தேன். மளிகைக் கடையில் பாப்கார்ன் மணி கிலோ 140 ரூபாய்க்கு வாங்கி, மல்லாட்டை எண்ணெயில் பொரித்தேன். அந்த டப்பா நிறைய 40 கிராம் மணி போதுமானதாக இருந்தது. அதாவது ஐந்தரை ரூபாய்க்கான மணி. எண்ணெய், கேஸ், டப்பா, ஆள் கூலி, வாடகை, கரண்டு எல்லாம் சேர்க்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். சேர்த்தாலும் 120 வருமா?

உழவன் பக்கம் பாருங்கள். 2025-26க்கு ஒன்றிய அரசு மக்காச்சோளத்துக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். கிலோ 24 ரூபாய். பாப்கார்ன் மணி வேறு ரகம், அதற்கு விலை கொஞ்சம் கூடும். சாதாரண மக்காச்சோளக் கணக்கில் பார்த்தால் 40 கிராமுக்கு ஒரு ரூபாய்கூடத் தேறாது. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழுவோடு மல்லுக்கட்டி விளைவித்தவருக்கு ஒரு ரூபாய். இருட்டு அறையில் விற்பவருக்கு 120.

தியேட்டர்காரர் பக்க நியாயத்தையும் பேச வேண்டும். டிக்கெட் விலைக்குத் தமிழ்நாட்டு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. டிக்கெட் காசிலும் விநியோகஸ்தருக்குப் பங்கு போகிறது. தின்பண்டக் காசு அப்படிப் பிரிவதில்லை, அதற்கு உச்சவரம்பும் கிடையாது. 1930களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி வந்தபோது பல தியேட்டர்களைத் தாங்கிப் பிடித்ததே மலிவான பாப்கார்ன்தான். அன்றைக்கு அது ஏழைகளின் தீனி. இன்றைக்கு நம்ம ஊரில் கூலிக்காரக் குடும்பம் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிற தீனி.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமே என்பீர்கள். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதையும் அதே தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. இந்த இரண்டையும் நம்ம சனங்கள் கேட்டுப் பெறணும். மற்றபடி மடியில் கட்டிப் போக வழியில்லை. அப்படியானால் நல்ல பொரி தியேட்டருக்கு உள்ளேயே விற்கணும்.

அரசுக்கும் பாப்கார்ன் மேல் அக்கறை இல்லாமல் இல்லை! 2024 டிசம்பர் 21ஆம் தேதி ஜெய்சால்மரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், உப்பு மசாலா போட்டு உதிரியாக விற்றால் 5 விழுக்காடு, பாக்கெட்டில் அடைத்துப் பேர் ஒட்டினால் 12, சர்க்கரைப் பாகு ஊற்றினால் 18 என்று விளக்கம் சொன்னது. நாடே சிரித்தது. எந்த எண்ணெயில் பொரித்தது, எந்த உழவன் விளைவித்தது என்ற கேள்வி மட்டும் அந்தக் கூட்டத்திலும் எழவில்லை, வெளியே நடந்த சிரிப்பிலும் எழவில்லை.

சரி, நல்ல பொரி எப்படி வருகிறது? மணிக்குள் இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி, கெட்டியான தோலை உள்ளிருந்து முட்டி உடைக்கிறது. ஈரம் 14 விழுக்காட்டை ஒட்டி இருந்தால் நன்றாகப் பொரியும். வெயிலில் போட்டு முறுகக் காயவைத்தால் பொரியாது. கதிரடிக்கும் எந்திரத்தில் தோல் கீறிய மணியும் பொரியாது, ஆவி முன்னாடியே கசிந்துவிடும். ஆக, நல்ல பொரி களத்திலேயே தொடங்குகிறது. கையால் உதிர்த்து நிழலில் பக்குவமாக உலர்த்துகிற சின்ன உழவனுக்குத்தான் இது கைவந்த வேலை.

மக்காச்சோளம் மேல் எனக்குப் பகை இல்லை. மெக்சிகோ உழவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பாடுபட்டு உலகத்துக்குக் கொடுத்த தானியம் அது. நம் நாட்டிலேயே அம்பர், பேர்ல் என்று பாப்கார்ன் ரகங்கள் வெளியிடப்பட்டிருக்கின்றன. ஆனால் நமக்கென்று வெள்ளைச் சோளம் இருக்கே! முதல் நாள் ராத்திரி லேசாக உப்புத் தண்ணி தெளித்துத் துணியில் கட்டி வைத்து, காலையில் நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் மல்லிகை மொட்டு மாதிரி பூக்கும். எண்ணெயே வேண்டாம். பல்லிடுக்கில் தோல் சிக்குகிற தொல்லையும் குறைவு.

பேரனுக்குப் பொரித்துக் கொடுத்தேன். "சின்னதா இருக்கே தாத்தா" என்று முகம் சுளித்தான். கொஞ்சம் மிளகுத்தூளும் உப்பும் தூவிக் கொடுத்ததும் கிண்ணம் காலி. அப்புறம் கேட்டான், "இதை ஏன் தாத்தா தியேட்டர்ல விக்கல?"

என்னிடம் பதில் இல்லை. ஏனென்றால் தப்பு என் பக்கமும் இருக்கு. குருவி விரட்ட ஆளில்லை என்று நானே சோளம் விதைப்பதை நிறுத்திப் பல வருசமாச்சு. அன்றைக்குப் பொரித்த சோளமும் கடையில் வாங்கியதுதான். விளைவிக்காத தானியத்தைத் தியேட்டர்காரர் விற்கவில்லை என்று அவர் சட்டையைப் பிடிப்பது என்ன நியாயம்?

அதனால் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, இடைவேளையில் கூச்சப்படாமல் கேட்போம்: என்ன எண்ணெய், எப்போது பொரித்தது, எங்கே விளைந்தது? பத்துப் பேர் கேட்டால் மேனேஜர் காதுக்குப் போகும். இரண்டு, நம்ம மாவட்ட உழவர் குழுக்கள் தியேட்டர்காரர்களிடம் உட்கார்ந்து பேசணும். வாரத்தில் ஒரு நாள் ஒரு மேசை கொடுங்கள், சோளப்பொரியும் வறுத்த மல்லாட்டையும் வைக்கிறோம், லாபத்தில் உங்களுக்கும் பங்கு என்று கேட்கலாம். டென்ட் கொட்டகையில் முறுக்கும் கடலையும் விற்ற ஊருக்கு இது புதுசு இல்லை. மூன்று, ஆளுக்குப் பத்து சென்ட் சோளம் விதைக்கணும். ஒருவர் மட்டும் விதைத்தால் குருவி மொத்தமும் அங்கேதான் இறங்கும். அக்கம்பக்கம் சேர்ந்து விதைத்தால் சேதமும் காவலும் பங்காகும். தட்டை மாட்டுக்கு ஆகும்.

ஆடிப்பட்டத்தில் விதைத்து, ஐப்பசி மழையில் கதிர் நனையாமல் காப்பாற்றிவிட்டால், கார்த்திகைக்குள் மணி வீட்டுக்கு வந்துவிடும். வரப்போகிற ஆடியில் நான் இருபது சென்ட் விதைக்கிறேன். தீபத்துக்குப் பொரித்தது போக மீதியை ஒரு பையில் கட்டிக்கொண்டு தியேட்டர் மேனேஜரைப் பார்க்கப் போவேன். பேரனும் கூட வருகிறேன் என்றிருக்கிறான்.