ஏரியும் காடும்

சித்திரை வெயிலில் சேலம் நகரத்துத் தெருக்கள் கொதிக்கும்போது, வடகிழக்கே நீலமாய் நிமிர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையை நாடி ஜனங்களின் மனம் ஏங்குவதில் வியப்பொன்றுமில்லை. சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே அம்மலைமேலுள்ள ஏற்காட்டின் பெயரைத் தாங்கி ஓடும் ரயில் அதில் ஒரு முழமும் ஏறுவதில்லை. ஏற விரும்புகிறவர் சேலத்தில் இறங்கி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரின் ஏரிக்கரையை அடைய வேண்டும்.

வளைவுக்கு வளைவு உஷ்ணம் தணிந்து, ஒரு மணி நேரத்திற்குள் பருவமே மாறிவிட்டதுபோல் தோன்றும் அந்த அனுபவந்தான் இப்பிரயாணத்தின் முதல் சுகம். நாமக்கல் லாரிப் பட்டறைத் தொழிலாளியும் சேலத்துத் தறிக்காரரும் குடும்பத்தோடு காலையில் ஏறி, படகில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தியில் வீடு திரும்பிவிடலாம். 'ஏழைகளின் ஊட்டி' என்று இதனை ஏளனமாகச் சொல்வோர் உண்டு. என் அபிப்பிராயத்தில் ஒரு மலைவாசஸ்தலத்துக்கு அதைவிட கௌரவமான பட்டம் வேறில்லை.

ஆயினும், ஏரியைப் பார்த்ததோடு ஏற்காட்டைப் பார்த்தாயிற்று என்று திரும்புகிறவர், ஊர்ப் பெயரில் பாதியை மட்டுமே படித்தவராகிறார். ஏரியோடு காடும் சேர்ந்ததால் ஏற்காடு என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இங்கே கொண்டுவந்த காப்பி, தேயிலையைப் போல் வெட்டவெளியை வேண்டாமல் மரநிழலை நாடும் பயிராதலால், தோட்டங்களிலும் உயர்ந்த மரங்களும் அவற்றைத் தழுவிய மிளகுக் கொடிகளும் இன்றளவும் நிற்கின்றன. கோடை மழைக்குப் பின் காப்பிச் செடிகள் வெண்மையாய்ப் பூத்து மணக்கும் பாதையில் நிதானமாக நடப்பதும், சேர்வராயன் குகைக்கோயிலில் குனிந்து நுழைந்து மலைவாழ் மக்களின் தெய்வத்தை வணங்குவதும் படகுச் சவாரிக்கு இளைத்த இன்பங்கள் அல்ல. மே மாதத்துக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சிக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் ஒரு பகுதியேனும், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் இவ்வூரில் வளர்த்துவரும் ஆர்க்கிட் தோட்டத்தை எட்டிப் பார்க்கலாகாதா?

இதை ரசனை சம்பந்தப்பட்ட விஷயமாக மாத்திரம் நான் கருதவில்லை. மரவேர்கள் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடும் மழைநீரன்றோ ஓடைகளாகிறது! சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் நடுவே ஓடி, நாமக்கல் வயல்களைக் கடந்து காவிரியில் கலக்கிறது. ஆகவே, சமவெளிக்காரர் ஏற்காட்டுக்குப் போவது விருந்தாளியாக அல்ல. தமது கிணற்றின் ஊற்றுக்கண்ணைக் காணவே போகிறார். அங்கே ஒரு மரம் வீழ்வதும், புதருக்குள் ஒரு பிளாஸ்டிக் பை விழுவதும் அவருடைய வீட்டு நஷ்டமேயாகும்.

மாலையில் மலையிறங்கி வருகிறவர், சாயக்கழிவும் சாக்கடையும் கலந்து கறுத்த அந்த ஆற்றின் பாலத்தைக் கடக்கையில், வழக்கம்போல் மூக்கைப் பொத்துவதோடு நில்லாமல், காலையில் தாம் பார்த்துவந்த மலையை ஒருகணம் நினைப்பாரானால், அன்றைய பிரயாணம் வீண்போகவில்லை.