நவரசுவுக்குச் சட்டம் வந்தது... ராஜாக்கண்ணுவுக்கு?

"ஜெய் பீம்" படம் 2021 நவம்பர் 2-ந் தேதி வந்தது. தியேட்டருக்கு வரவில்லை; அமேசான் பிரைமில் வந்தது. ஆனாலும் நம்ம ஜில்லாவில் அதைப் பார்க்காத வீடு குறைவு.

த.செ.ஞானவேல் எடுத்த படம். மொத்தம் 2 மணி 44 நிமிஷம். லாக்-அப்பில் ராஜாக்கண்ணு மேல் விழுகிற ஒவ்வொரு அடியும் நம்ம முதுகில் விழுகிற மாதிரி இருக்கும். புருஷனைத் தேடி வயிற்றுப் பிள்ளையோடு செங்கேணி அலையும்போது நெஞ்சை அடைக்கும். வக்கீல் சந்துருவாக வரும் சூர்யா கோர்ட்டில் கிடுக்கிப்பிடி போடும்போது கை தானாகத் தட்டும்.

கடைசியில் தீர்ப்பு! "நியாயம் ஜெயிச்சிட்டுது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டோம்.

ஒரு குடும்பத்துக்கு நியாயம் கிடைத்தது, சரி. அதே அடி அடுத்த ஆள் மேல் விழாமல் இருக்க வழி பண்ணினோமா? இல்லை என்றுதான் நான் சொல்வேன்.

விருத்தாசலம் பக்கம்...

படத்தில் வந்தது வெறும் கற்பனை இல்லை. 1993 மார்ச்சில் விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்துக் குடும்பத்துக்கு நடந்தது. அப்போது கடலூர் மாவட்டம் தனியாகப் பிரியவில்லை. எல்லாம் தென்னாற்காடு மாவட்டம். படத்தில் இருளர் என்று காட்டினார்கள். நிஜ ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளி.

ஒரு வீட்டில் நகை திருட்டு. சந்தேகம் ராஜாக்கண்ணு மேல். கம்மாபுரம் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் அவர் வீடு திரும்பவே இல்லை. "தப்பி ஓடிட்டான்" என்று போலீஸ் கைவிரித்தது.

மனைவி பார்வதி விடவில்லை. மார்க்சிஸ்டு தோழர்கள் கூட நின்றார்கள். வக்கீல் சந்துரு சென்னை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போட்டார். உண்மை வெளியே வந்தது. அடித்தே கொன்றிருந்தார்கள். பிணம் மாவட்ட எல்லை தாண்டி மீன்சுருட்டி பக்கம் கிடந்தது. அங்கே அது அனாதைப் பிணம்!

போலீசாருக்கு ஆயுள் தண்டனை என்று ஐகோர்ட்டு தீர்ப்பு வந்தது 2006-ல். அதாவது 13 வருஷம் கழித்து!

சிதம்பரத்தில்...

1996 நவம்பர். அண்ணாமலை நகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவர் பொன் நவரசுவைக் காணோம். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் பிள்ளை. ராகிங் கொடுமையில் சீனியர் மாணவன் கொன்று, உடலைத் துண்டு போட்டிருந்தான். தமிழ்நாடே அதிர்ந்தது.

1998-ல் கடலூர் செஷன்ஸ் கோர்ட்டு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. 2001-ல் ஐகோர்ட்டு விடுதலை செய்தது. 2011 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடி ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. அந்தத் தகப்பனாரும் 14 வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்.

படித்த தகப்பன் பட்ட துயரமும், எழுதப் படிக்க வழியில்லாத குடிசைப் பெண் பட்ட துயரமும் ஒரே துயரம்தான். வித்தியாசம் அதற்குப் பிறகு வருகிறது.

நவரசு கொலை நடந்த சூட்டோடு, 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 வருஷம் வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், காலேஜை விட்டு டிஸ்மிஸ். புகாரைக் கண்டுகொள்ளாத காலேஜ் தலைவரும் உடந்தை என்று சட்டம் சொல்கிறது.

நவரசுவுக்குச் சட்டம் வந்தது. ராஜாக்கண்ணுவுக்கு? 28 வருஷம் கழித்து ஒரு சினிமா வந்தது!

கையெழுத்தோடு சரி!

அதே 1997-ல்தான் ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டது. கையெழுத்துப் போட்டதோடு சரி. இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. 2010-ல் சித்திரவதைத் தடுப்பு மசோதா லோக்சபாவில் நிறைவேறியது. ராஜ்யசபாவில் கமிட்டிக்குப் போனது. அப்படியே காலாவதி ஆனது. 2017-ல் சட்டக் கமிஷன் மறுபடி எழுதிக் கொடுத்தது. அதுவும் சட்டமாகவில்லை.

"இருக்கிற சட்டம் போதாதா?" என்று கேட்கலாம். 1996 டிசம்பரிலேயே டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு விதி போட்டது. கைது செய்தால் மெமோ எழுதணும், சாட்சி கையெழுத்து வாங்கணும், குடும்பத்துக்குச் சொல்லணும், 48 மணிக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்கணும். 2020-ல் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கேமரா வைக்கணும் என்றது. எல்லாம் நல்ல விதிதான்.

ஆனால் லாக்-அப்பில் நடந்ததற்கு யார் சாட்சி? அடித்தவரும் போலீஸ், பார்த்தவரும் போலீஸ். அதனால்தான் சட்டக் கமிஷன் ஒரு யோசனை சொன்னது. காவலில் இருந்த ஆளுக்குக் காயம் என்றால் போலீஸ்தான் காரணம் என்று கோர்ட்டு எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்றால் போலீசே நிரூபிக்கட்டும் என்றது. இந்த ஒரு வரி சட்டத்தில் ஏறினால் லத்தியைத் தூக்குகிற கை யோசிக்கும்.

"ரெண்டு தட்டு தட்டுங்க சார்!"

போலீசை மட்டும் திட்டி முடித்துவிட முடியாது. ஸ்டேஷன், கோர்ட்டு என்று சுற்றுகிற எனக்குக் காதில் விழுகிற வார்த்தை இது: "ரெண்டு தட்டு தட்டுங்க சார், தானா உண்மை வரும்." சொல்கிறவர் ரவுடி இல்லை. கல்லாவில் பணம் குறைந்த கடைக்காரர். பீரோ நகை காணாமல் போன வீட்டுக்காரர். நம்மைப் போல மரியாதைப்பட்டவர்கள்! சந்தேகம் யார் மேல்? கடைப் பையன் மேல், வேலைக்காரம்மா மேல்.

அண்ணாச்சி, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. 1872-ம் வருஷ சாட்சியச் சட்டத்தில் இருந்து இன்றைய புதுச் சட்டம் வரை அதுதான் நிலைமை. அடித்து வாங்கினால் உங்கள் நகைக் கேஸ்தான் கெட்டுப்போகும்.

உயிர் போனால்? 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோவில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்தார். காரில் வைத்த நகை காணோம் என்று புகார். கேஸ் சி.பி.ஐ.க்குப் போனது. நகை காணோம், ஏழை மேல் சந்தேகம், போலீஸ் அடி, பிணம். "ஜெய் பீம்" வந்து 4 வருஷம்கூட ஆகாத நேரத்தில் அதே கதை!

படம் பார்த்து அழுதது பொய் அழுகை இல்லை. ஆனால் அழுகை சட்டம் ஆகாது. கடலூருக்கு ஒரு எம்.பி. இருக்கிறார். சிதம்பரத்துக்கு ஒரு எம்.பி. இருக்கிறார். ஊருக்கு வரும்போது மாலையோடு ஒரு கேள்வியும் போடுங்கள்: "சித்திரவதைத் தடுப்புச் சட்டம் எப்போ சார்?"

அதுவரை, ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுங்கள். "ரெண்டு தட்டு" மட்டும் கேட்காதீர்கள்.