காப்புப் பிரதி தனியே இருக்கட்டும்

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி, கப்பம் கோரும் தீநிரலொன்று இலங்கை அரசின் மேகக் கணினிக் கட்டமைப்பைத் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் அன்றுவரையான மடல்கள் மீளவில்லை. காப்புப் பிரதியும் அதே வலையமைப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்தே பூட்டப்பட்டது. பயன்பாட்டில் இருந்த மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 மென்பொருளுக்கான தயாரிப்பாளரின் ஆதரவோ அவ்வாண்டு ஏப்ரலிலேயே முடிந்திருந்தது. கணினி வாங்குவதோடு கடமை முடிந்தது என்று எண்ணியதன் விலை இது.

இது கொழும்பின் கவலை மட்டுமல்ல. யாழ்ப்பாணத் தீவகத்தின் சாட்டியில் வாழ்பவருக்கு அரசு என்பது வேலணைப் பிரதேச செயலகம்தான். நயினாதீவிலிருந்து படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பேருந்து பிடித்து வருபவரும் அங்கேதான் வரிசையில் நிற்கிறார். "கணினி வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்கோ" என்ற ஒரு சொல் அவரது ஒருநாள் கூலியைப் பறித்துவிடும். அப்படியானால் காகிதமே போதுமே என்பார் சிலர். போரிலும் இடப்பெயர்விலும் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்த தீவகத்துக்குக் காகிதத்தின் ஆயுள் தெரியும். சிறிய அலுவலகத்துக்கு நிதி ஏது என்பது நியாயமான கேள்வி. ஆனால், வாரம் ஒருமுறை பதிவுகளை வெளி வன்தட்டில் பிரதியெடுத்து, இணைப்பைக் கழற்றி, வேறொரு கட்டடத்தில் பூட்டிவைக்கப் பெருஞ்செலவில்லை. அதற்குப் பொறுப்பான ஒருவரை நியமிப்பதும், அந்தப் பிரதி உண்மையில் திறக்கிறதா என்று அவ்வப்போது சோதிப்பதும் ஒவ்வொரு அலுவலகத்திலும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.